மரை வால்வும் மாடி வீடும்

மால்மோ, மார்ச் 8, 1976

அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும், மழை வருவதற்கு முன்பே வானொலிக்காரனை முந்திக்கொண்டு மழையைச் சொல்லிவிடுகிறது. அங்கே நீங்களும், என் மகள் அன்னெலியும், உங்கள் மகன் ஸ்தூரேயும், ஞானஸ்நானத்தன்று என் தொப்பியைப் பிடுங்கி எச்சில் பண்ணிய நம் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் தொழில். உங்கள் பல்கலைக்கழகத்துப் பழைய கட்டடத்துக்கான குழாய்களில் முதல் பங்கு நேற்று சரக்கு ரயிலில் ஏறிவிட்டது. அறைகளைச் சூடாக்கும் அந்தச் சுடுநீர்க் குழாய்களை மாற்றும் வேலைக்கு நீங்கள் மேஸ்திரி, சரக்கு என்னுடையது என்று தெரிந்ததும் கட்டடக் குழுவின் செயலர் தொலைபேசியில் இழுத்தார். "ரெண்டு பேரும் சொந்தக்காரங்களாமே, மேடம்?" "ஆமாங்க. அதனாலதான் மட்டமான சரக்கு அனுப்ப முடியாது. அனுப்பினா கிறிஸ்துமஸ் விருந்துல எதிரெதிரா உக்கார முடியுமா?" என்றேன். மனிதர் உடனே விலைப்பட்டியலுக்குத் தாவிவிட்டார்.

இரண்டாவது, ரயில் நிலையம். சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது. கணவர் போன பிறகு கைவண்டியில் பழைய இரும்புக் குழாய் தள்ளிக்கொண்டு போய் விற்றுத் தொழில் தொடங்கியவள் நான். சுற்றிவளைத்திருந்தால் வண்டி இன்னும் முதல் தெருவிலேயே நின்றிருக்கும். அதனால்தான் ஞானஸ்நானம் முடிந்து நீங்கள் என்னை வண்டியேற்ற வந்த அன்று, நடைமேடையில் நேராகக் கேட்டேன். "இந்த வேலை முடிஞ்சா ஓய்வுதானே? தனியா என்ன பண்ணப் போறீங்க? என் கடைக்கு மேல மாடி சும்மா கிடக்கு. வந்து இருந்துடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே கிழடாவோம்." நீங்கள் 'ஷ்ஷுப்' என்றீர்கள். வண்டி கிளம்பிவிட்டது. பதில் புரிந்தது. கடைக்காரிக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கும்போதெல்லாம் இருவரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

குழாய்களை வெயில் பார்க்க அடுக்காதீர்கள். உங்கள் வடக்கு ஊரில் வெயில் இருந்தால்.

எல்னா மோர்ட்டென்சன்


நோர்ஃபோர்ஸ், மார்ச் 27

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். பேத்திக்குப் பல் முளைக்கிறது. உங்கள் முழங்காலைக் கம்பளித் துணியால் சுற்றி வையுங்கள்.

குழாய் வந்தது. நல்ல குழாய். பழையதை அறுத்துப் பார்த்தோம், உள்ளே துரு அடைத்து விரல்கூட நுழையவில்லை. எப்படி இத்தனை வருடம் சூடு வந்தது என்று தெரியவில்லை. வந்ததாக நினைத்துக்கொண்டார்கள் போல.

நிலையத்து விஷயம்: நீங்கள் எழுதியதுதான் சரி. எனக்கும் அதைத் திரும்பத் திரும்பப் பேச வராது. ஒரு முறை சொன்னால் சொன்னதுதான்.

இங்கே பனி இன்னும் ஜன்னல் உயரம்.

ஹில்டிங் நுர்லுண்ட்


மால்மோ, ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்திக்கு,

நான் நலம், ஆனால் பொறுமை நலமில்லை. நீங்களும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் பல்கலைக்கழகத்தார் என்ன ஜாதி மனிதர்கள்? செயலரிடம் வால்வுகளை எப்போது அனுப்பட்டும் என்று கேட்டால் "குழு கூடி முடிவு பண்ணணும்" என்கிறார். குழு எப்போது கூடும்? "அதை முடிவு பண்ண ஒரு சின்னக் குழு இருக்கு." அந்தச் சின்னக் குழு? "போன வாரம் கூடினாங்க. காப்பியும் பட்டை பன்னும் ரொம்ப நல்லா இருந்துச்சு." நான் விற்ற குழாயைவிட அவர்கள் தின்ற பன் நீளமாக இருக்கும்.

சரி, இவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்றுதான் போன செவ்வாய் உங்களுக்கே தொலைபேசி போட்டேன். "பழைய மாதிரியே மரை வச்ச வால்வு அனுப்பட்டுமா, சம்பந்தி?" ஒரு பதிலும் இல்லை. ஏதோ காற்று. "கேக்குதா? மரை வச்சதுதானே?" மறுபடி காற்று. யாரோ சைக்கிள் டயரிலிருந்து காற்றுப் பிடுங்குவது போல. வெறும் காற்றை நம்பி நான் சரக்கு அனுப்புவதில்லை. செயலரைக் கேட்டேன். ஃபிளேஞ்ச் வைத்ததுதான், அதாவது விளிம்புத் தட்டில் போல்ட் போட்டு முடுக்குகிற வகைதான், நவீனம் என்று எங்கோ படித்தாராம். ஃபிளேஞ்ச் வால்வு கிளம்பிவிட்டது.

அந்த நவீனம் பிடிக்கவில்லை என்றால் கடிதம் எழுதுங்கள். எழுத்து எனக்குக் கேட்கும்.

எல்னா


நோர்ஃபோர்ஸ், மே 9

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். பேத்திக்கு இரண்டு பல்.

வால்வு வந்தது. ஃபிளேஞ்ச். நமக்கு வேண்டியது மரை. குழாயெல்லாம் சுவரை ஒட்டிப் போகிறது, ஃபிளேஞ்சை முடுக்க ஸ்பானர் திரும்ப இடமில்லை. மரை வைத்ததே வேண்டும் என்று தொலைபேசியில் இரண்டு முறை சொன்னேன். உங்கள் ஊர்த் தொலைபேசி சரியில்லை போலிருக்கிறது. ஆள் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் மாடியில் இறந்துபோன மொழிகளுக்கு ஒரு பேராசிரியர் இருக்கிறார், நுரேலியஸ் என்று பெயர். அறையைப் பூட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறார். "ஆயிரம் வருஷமா யாரும் தொடாத தாள்களுக்கு நடுவுல நீங்க சம்மட்டியோட வரப் போறீங்களா?" என்கிறார். சுடுநீர் சுற்றிவரும் குழாய் வளையத்தை அவர் அறை வழியாகத்தான் மூட வேண்டும். அது மூடாமல் கட்டடம் முழுக்கச் சூடு வராது.

ஹில்டிங்


மால்மோ, மே 14

சம்பந்திக்கு,

உடம்பு சுகம். மற்றதைக் கேட்காதீர்கள்.

சொன்னீர்களா? எப்போது சொன்னீர்கள்? எந்த வாயால்? தொலைபேசி நிறுவனத்துக்காரன் வந்தான், கருவியைப் பிரித்தான், மூடினான், "அம்மா, இதுல ஒரு குறையும் இல்ல, என் சம்சாரம் பேசினாகூட இவ்வளவு தெளிவாக் கேக்காது" என்றான். என் கடைப் பையன்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குத்தான் மரை கழண்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

இத்தனை வருடத் தொழிலில் ஜெர்மன்காரனோடு பேரம் பேசியிருக்கிறேன், குடித்துவிட்டு வந்த டேனிஷ்காரனோடு பேசியிருக்கிறேன், காது கேட்காத பால்பண்ணைக்காரரோடு கையால் பேசியிருக்கிறேன். உங்கள் ஊர் மனிதர்களோடு மட்டும் முடியவில்லை. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டில் ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தால் உள்ளே குளிர் புகுந்துவிடுமா?

ஃபிளேஞ்ச் வால்வுகளைத் திருப்பி அனுப்புங்கள். மரை வைத்தவை திங்களன்று புறப்படும். பேராசிரியரின் கதவுக்கு என் சரக்கில் மருந்தில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேத்தியின் இரண்டு பல்லுக்கும் ஒவ்வொரு முத்தம்.

எல்னா


நோர்ஃபோர்ஸ், ஜூன் 21

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே இப்போது இருட்டுவதே இல்லை, எல்லோரும் நலமாக, தூங்காமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் பற்றி எழுதவில்லையே.

மரை வால்வு சரியாகப் பொருந்துகிறது. தரைத்தளமும் முதல் மாடியும் முடிந்தது. நுரேலியஸ் திறக்கவில்லை. கதவில் லத்தீனில் ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறார். படித்தவர்களைக் கேட்டதில், திட்டு என்றார்கள்.

நாயைப் பக்கத்துப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு ஓட இடம் வேண்டும். படகையும் விற்றாயிற்று, இனித் தேவைப்படாது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மாடியில் அறைக்குச் சூடு தரும் ரேடியேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது? ஜன்னலுக்குக் கீழேயா, உள் சுவரிலா?

ஹில்டிங்


மால்மோ, ஆகஸ்ட் 12

அன்புள்ள சம்பந்திக்கு,

ஜூலை முழுக்க இந்த நாட்டில் ஒரு கடையும் திறக்கவில்லை, ஒரு ஆபீசிலும் மனிதர் இல்லை, எல்லோரும் ஏதோ ஒரு ஏரிக்கரையில் கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கடையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேராகக் கேட்கிறேன்: உங்கள் உடம்புக்கு என்ன? டாக்டர் என்ன சொன்னார்? நாயைக் கொடுக்கிறீர்கள், படகை விற்கிறீர்கள், 'இனித் தேவைப்படாது' என்று எழுதுகிறீர்கள். போகிற மனிதர்தான் இப்படி ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டுவார். அன்னெலியைக் கேட்டால் "மாமா நல்லாத்தான் இருக்காரும்மா, நேத்துகூட எட்டுக் கொழுக்கட்டை சாப்பிட்டார்" என்கிறாள். உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வைத்த உங்கள் ஊர்க் கொழுக்கட்டை எட்டு உள்ளே போகிறவர் சாகப் போகிறவரில்லை. பிறகு என்னதான்? இருதயமா?

மாடியின் ரேடியேட்டர் ஜன்னலுக்குக் கீழேதான், தெருப் பக்கம். தொழில்காரர் என்பதால் கேட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வேடிக்கை என்னவென்றால் பல் மருத்துவரும் முதலில் அதையேதான் கேட்டார். சொல்ல மறந்துவிட்டேன், மாடியை ஒரு பல் மருத்துவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். தனி ஆள், அதிர்ந்து பேசாதவர், அக்டோபர் முதல் தேதி குடிவருகிறார். கையெழுத்தாகிவிட்டது. இடம் சும்மா கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை.

உடனே டாக்டரைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எல்னா


நோர்ஃபோர்ஸ், செப்டம்பர் 2

திருமதி மோர்ட்டென்சன் அவர்களுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

பல் மருத்துவர் பற்றிப் படித்தேன். கடை உங்களுடையது, மாடியும் உங்களுடையது.

கடைசிப் பங்குச் சரக்கு சரியாக வந்து சேர்ந்தது. ரசீது செயலரிடம்.

ஹி. நுர்லுண்ட்


நோர்ஃபோர்ஸ், செப்டம்பர் 19

அம்மாவுக்கு,

நாங்கள் நலம், உன் பேத்தி தூவா நலம், எதைப் பிடித்தாலும் எழுந்து நின்றுவிடுகிறாள். நீயும் நலமாக இருப்பாய், ஏனென்றால் நீ செய்த காரியம் உனக்குத் தெரியவே தெரியாது.

நேற்று மாமா ஒரு வண்டியில் இரண்டு நாற்காலி, ஒரு அலமாரி, இறந்துபோன மாமியின் தையல் இயந்திரம் எல்லாம் கொண்டுவந்து எங்கள் கொட்டகையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் காப்பி குடிக்க உட்கார்ந்தார்.

"என்ன மாமா இதெல்லாம்?"

"வீட்டை ஒண்ணாம் தேதி காலி பண்றேன். வசந்தத்துலயே நோட்டீஸ் குடுத்தாச்சு. வேற ஆளு வரான்."

"அப்ப நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல. வேலைக் கொட்டாய்ல அடுப்பு இருக்கு."

"மாமா! எதுக்காக வீட்டை விட்டீங்க?"

சர்க்கரைக் கட்டி ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக் காப்பியை உறிஞ்சினார். பிறகு சொன்னார்: "உங்கம்மா வரச் சொன்னாங்க. நான் சரின்னேன். இப்ப அந்த இடத்துக்குப் பல் டாக்டர் வரார். பரவால்ல. அவருக்குச் சம்பாத்தியம் இருக்கு."

ஸ்தூரேயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நீ கேட்டாய் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். "எப்ப மாமா சரின்னீங்க?" என்று கேட்டேன். "ஸ்டேஷன்லதான். அவங்க முகத்தைப் பார்த்துச் சொன்னேன்" என்றார்.

அம்மா, உனக்கு யாருமே சொல்லவில்லையா? இங்கே வடக்கில் 'ஆமாம்' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காற்றை உள்ளே இழுப்பார்கள். அதுதான் ஆமாம். ரொட்டிக் கடையில், தபால் ஆபீசில், எல்லா இடத்திலும் அப்படித்தான். எனக்கும் முதல் குளிர்காலம் முழுக்க, என்னைப் பார்த்து எல்லோரும் ஏன் பதறுகிறார்கள் என்று இருந்தது. எங்கள் கல்யாணத்தில் நம் மால்மோ பாதிரியார் ஸ்தூரேயிடம் "சம்மதமா?" என்று மூன்று முறை கேட்கவில்லையா? நீ முன்வரிசையில் உட்கார்ந்து "மாப்பிள்ளைக்கு இழுப்பா?" என்று கேட்டாயே, சபை முழுக்கக் கேட்கும்படி?

அவர் சரி என்றுதான் சொன்னார். நாயைக் கொடுத்தார், படகை விற்றார், வீட்டை விட்டார். போன கடிதத்துக்குப் பிறகு எங்களோடும் பேச்சு குறைந்துவிட்டது, முன்பு எவ்வளவு பேசினார் என்று உனக்கே தெரியும். வேலை முடிய இன்னும் சில வாரம். ஏதாவது செய். நீயே எழுது, என்னை நடுவில் விடாதே.

அன்னெலி


மால்மோ, செப்டம்பர் 22

ஹில்டிங்,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மூச்சில்லை. அன்னெலி எழுதியிருக்கிறாள்.

அட மனிதரே! நடைமேடையில் நான் பார்த்தது என்ன தெரியுமா? நான் கேட்டதும் முகம் சுருங்கி, வாய் குவிந்து, சுடுகிற உருளைக்கிழங்கை நாக்கில் வைத்தவர் மாதிரி 'ஷ்ஷுப்' என்று ஒரு இழுப்பு. இந்தப் பொம்பளையோடு ஒரு வீட்டிலா என்று உடம்பே நடுங்கிவிட்டது என்று நினைத்தேன். வண்டி ஸ்டாக்ஹோம் தாண்டும் வரை கழிவறையில் முகம் கழுவிக்கொண்டே இருந்தேன். எதிர்ச் சீட்டுக் கிழவர் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். ஒரு வசந்தம், ஒரு கோடை, முழுதாக, நான் உங்கள்மேல் கோபமாக இருந்திருக்கிறேன். நீங்கள் இங்கே வர நாற்காலியை மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! எழுதுகிற கடிதத்திலாவது 'வருகிறேன்' என்று ஒரு வார்த்தை போடக் கூடாதா? ரேடியேட்டர் எந்தச் சுவரில் என்று கேட்டால் எனக்கு எப்படி விளங்கும்? அது ஒரு மனிதன் பேசுகிற காதலா?

சரி. கத்தி முடித்துவிட்டேன். இப்போது விஷயம்.

பல் மருத்துவரை வெளியே அனுப்ப மாட்டேன். கையெழுத்துப் போட்டேன், போட்டதுதான். அவர் நாற்காலி வந்து இறங்கிவிட்டது, பல் பிடுங்கும் நாற்காலி, அதை ஏற்ற மாடிப்படிக் கைப்பிடியைக் கழற்ற வேண்டியிருந்தது. ஆக மாடி இல்லை. மரியாதையாக நீங்கள் மேலே, நான் கீழே, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சாப்பாடு என்று நான் போட்டிருந்த கணக்கு முடிந்தது. மிச்சம் இருப்பது கீழே, கடைக்குப் பின்னால், என் வீடு. ஒரு சமையலறை, ஒரு கூடம், ஒரு படுக்கையறை. சம்பந்திகள் இரண்டு பேரும் இப்படியா என்று தெரு பேசும். பேசட்டும். அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் என்னிடம்தானே வர வேண்டும்.

மாடியைக் கேட்டபோது எனக்குப் பாதிதான் தைரியம் இருந்தது. இப்போது முழுதாகக் கேட்கிறேன். இங்கே வந்து என்னோடு இருப்பீர்களா? எனக்கு ஆள் வேண்டும் என்பதற்காக அல்ல, ஆட்கள் கடை நிறைய இருக்கிறார்கள். நீங்கள் வேண்டும்.

பதில் தாளில் வர வேண்டும். மையால். தொலைபேசியை எடுக்கவே மாட்டேன்.

எல்னா


நோர்ஃபோர்ஸ், அக்டோபர் 16

எல்னாவுக்கு,

நான் நலம். கொட்டாயில் அடுப்பு நன்றாக எரிகிறது. முழங்கால் எப்படி?

பதில் தாமதமாகிவிட்டது. நீ அதற்குள் என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும், திட்டு இங்கே வரை கேட்டது. காரணம் சொல்கிறேன். வேலை முடியாமல் 'வருகிறேன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிவிட்டு வராமல் இருக்கிற ஆள் நான் இல்லை. வேலை முடியாததற்குக் காரணம் நுரேலியஸ்.

போன வாரம் கடும் உறைபனி. கட்டடத்தில் எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார்கள். மற்ற அறையெல்லாம் முடிந்துவிட்டது, அவர் அறை மட்டும் பாக்கி. செயலர் போய்க் கதவைத் தட்டினார், துறைத்தலைவர் தட்டினார். "குழு முடிவு பண்ணட்டும்" என்று உள்ளிருந்து குரல். நான் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். இடைவேளை நேரம், மாடிப்படி நிறையப் பிள்ளைகள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. வாயைத் திறந்து கத்தினேன்.

"ஐயா! நான் தெற்க போகணும்! மால்மோல எனக்காக ஒரு பொம்பளை காத்துக்கிட்டு இருக்கா! உங்க குழாயை மாட்டாம என்னால போக முடியாது! கதவைத் தொறங்க!"

மாடிப்படியில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் என் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை, என் ஆட்கள்கூட. கதவு திறந்தது. கிழவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூக்கு சிவந்து நின்றார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். "எங்கிட்ட எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றேன். தாள்களை நாங்கள் இருவருமே தூக்கி வைத்தோம். இரண்டு நாளில் குழாயை மாட்டினோம். நேற்று தண்ணீர் விட்டு, குழாயில் அடைத்த காற்றை வெளியே விட்டு, பாய்லர் பற்றவைத்தோம். ஒரு ஜாயின்ட்டும் ஒழுகவில்லை. நுரேலியஸ் ரேடியேட்டர்மேல் காலுறையைக் காயப்போட்டிருக்கிறார்.

ஆக, வேலை முடிந்தது. பதில்: ஆம். எழுத்தில் பார்க்க எனக்கே கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். ஆம். வருகிறேன். வியாழன் இரவு வண்டி, வெள்ளி மாலை உன் ஊரில். தையல் இயந்திரம் அன்னெலியிடம் இருக்கட்டும். நாற்காலி ஒன்றைக் கொண்டுவருகிறேன், மற்றதெல்லாம் உன்னிடம் இருக்கும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டான் என்று சொல்லக் கூடாது. எனக்குக் குறட்டை உண்டு. பெரிய குறட்டை. பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

ஹில்டிங்